பிள்ளை எதை ஆராய்வது? பாடசாலை ஆய்வுப் போட்டியும் நமது கிணறுகளும்

பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் ஏதாவதொரு போட்டிச் சுற்றறிக்கை வருகின்றது. சுற்றாடல் ஆய்வு, விஞ்ஞான ஆய்வு, நிலைபேறான அபிவிருத்தி எனப் பெயர்கள் மாறும். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, என்ன தலைப்பில செய்யிறது?" என்று கேட்கும். பிறருடைய தோட்டத்தில் கூலிக்கு நின்றுவிட்டு வந்த தகப்பன், "எனக்கென்னடா தெரியும், ரீச்சரைக் கேள்" என்று சொல்லிவிடுவார். கடைசியில் பிள்ளை "பூகோளம் வெப்பமடைதல்" என்றோ "பிளாஸ்ரிக்கின் தீமைகள்" என்றோ ஒரு தலைப்பை எடுத்து, புத்தகத்திலும் தொலைபேசியிலும் உள்ளதைப் பார்த்து எழுதி, படங்களை ஒட்டிக் கொடுத்துவிடும். பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கலாம். ஊருக்கோ வீட்டுக்கோ புதிதாக ஒன்றும் தெரியவராது.

"எனக்கென்ன தெரியும்" என்று சொல்லும் அந்தத் தகப்பனுக்காகவும் தாய்க்காகவுமே இக்கட்டுரையை எழுதுகின்றோம். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆய்வுத் தலைப்பைத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. நமது காணி, நமது கிணறு, நாம் கைவிட்டு வந்த பயிர்கள் ஆகியவற்றைப் பற்றி எவரும் இன்னும் விடை சொல்லாத கேள்விகள் பல உண்டு. அவற்றுக்கான விடை நமக்கு அவசரமாகவும் தேவைப்படுகின்றது.

நிலைபேறு என்றால் என்ன?

போட்டிச் சுற்றறிக்கைகளில் "நிலைபேறான அபிவிருத்தி" என்ற சொல் அடிக்கடி வரும். நோர்வே நாட்டின் புருண்ட்லண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணைக்குழு 1987இல் வெளியிட்ட அறிக்கையே இச்சொல்லை உலகெங்கும் பரப்பியது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென 17 இலக்குகளை வகுத்தது. பெரிய சொல்லாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குற்றி உண்ணாத குடும்பத்துக்கு இதனை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளைய பிள்ளையின் பங்கைத் தின்றுவிடாமலிருப்பதே நிலைபேறு.

ஆகவே பிள்ளையிடம் இப்படிக் கேட்கலாம்: "எங்கட ஊரில நாங்கள் இப்ப எடுத்துத் தின்னிற விதைநெல் எது?" அது கிணற்று நீராக இருக்கலாம், மண்ணின் வளமாகவோ, ஒரு பழைய விதையினமாகவோ இருக்கலாம். அல்லது முதியவர்களோடு மறைந்துபோகும் ஓர் அறிவாக இருக்கலாம். ஆய்வுத் தலைப்பு அங்கேதான் தொடங்குகின்றது.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

"நீர் மாசடைதல்" என்பது ஒரு தலைப்பு. இதனை வைத்துக் கட்டுரை எழுதலாம், ஆய்வு செய்ய முடியாது. "எங்கள் ஒழுங்கையிலுள்ள ஆறு கிணறுகளில் எதன் நீர் கோடையில் கூடுதலாக உவர்க்கின்றது?" என்பது ஒரு கேள்வி. இதற்கு அளந்து விடை காணலாம். தலைப்பைக் கேள்வியாக மாற்றும்வரை ஆய்வு தொடங்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

கேள்வி பொருத்தமானதா என அறிய மூன்று அரிதட்டுகளை நாம் தருகின்றோம்.

முதலாவது: இதன் விடை யாருக்குத் தேவை? விடை தெரிந்த பின்னர் ஒரு குடும்பமாவது தான் செய்வதை மாற்றுமா? ஒருவருக்கும் தேவைப்படாத விடையைத் தேடிப் பிள்ளையின் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இரண்டாவது: கையிலுள்ளதைக் கொண்டு, உள்ள காலத்துக்குள் இதனை அளக்க முடியுமா? கயிறு, வாளி, போத்தல், தராசு, கொப்பி, நாட்காட்டி ஆகியவற்றால் அளக்கக்கூடியவை பல உண்டு. ஒரு கருவியைத்தான் இரவல் பெறவேண்டும் என்றால் அதுவும் இயலும். பத்துக் கருவிகள் தேவைப்படும் கேள்வியை விட்டுவிடலாம்.

மூன்றாவது: பிள்ளை அங்கே பாதுகாப்பாகப் போய்வர முடியுமா? இதனைப் பின்னர் விரிவாகச் சொல்கின்றோம்.

ஓர் உதாரணம்: வலிகாமம் வடக்கின் கிணறுகள்

1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். குரும்பசிட்டி, வசாவிளான், கட்டுவன், பலாலி, மயிலிட்டி எனச் செம்மண் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர்கள் ஆளின்றிப் போயின. 2009இல் போர் முடிந்த பின்னர் அக்காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. சில குடும்பங்கள் 25 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்த பின்னரே தங்கள் வேலியைக் கண்டன. இன்னும் காணி விடுபடாத குடும்பங்களும் உண்டு.

திரும்பியவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி நிலத்தின் கீழ் தங்குகின்றது. இந்த நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழம் செல்லச் செல்ல உவர்நீரும் இருப்பதை நம்மவர் நீண்டகாலமாக அறிவர்.

இந்த மிதப்புக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கல்லின் வெடிப்புகளைப் பொறுத்து இது இடத்துக்கிடம் மாறும். எனினும் மேலே ஓரடி இறங்கினால் கீழே உவர்நீர் பல அடி ஏறும் என்பது இதிலிருந்து விளங்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை.

உவரோடு இன்னொரு தொல்லையும் உண்டு. யூரியா, மாட்டெரு, மலசலகூடக் குழி ஆகியவற்றிலிருந்து நைத்திரேற்று கிணற்று நீரில் சேர்கின்றது. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இது கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினர். குடிநீரில் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது கூடினால் உடல் நீலம்பாரிக்கும், உயிராபத்தும் வரலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். 1990 முதல் இறைக்கப்படாமல், பசளையிடப்படாமல் கிடந்த தோட்டத்துக் கிணற்றின் நீரும், இடைவிடாது தோட்டம் செய்யப்பட்ட அயலூர்க் கிணற்றின் நீரும் எவ்வாறு வேறுபடுகின்றன? திரும்பிய குடும்பம் மீண்டும் இறைக்கத் தொடங்கிய பின்னர் அந்த நீர் மாறுகின்றதா? மாறினால் எந்த மாதத்தில்?

முதலாம் அரிதட்டில் இதனைப் போட்டுப் பார்ப்போம். விடை யாருக்குத் தேவை? வெங்காயம் நடுவதா, தக்காளி நடுவதா, எத்தனை மணித்தியாலம் இறைப்பது, கைக்குழந்தைக்கு இந்த நீரைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை. இரண்டாம் அரிதட்டில் போட்டாலும் கேள்வி தங்கிநிற்கும். எப்படியென்று பார்ப்போம்.

அளக்கும் முறை

தெரிந்தவர்களின் கிணறுகளில் மூன்றை ஒரு பக்கமும் மூன்றை மறுபக்கமும் எடுத்துக்கொள்ளலாம். ஆறு கிணறு போதும். ஆறையும் ஒழுங்காக அளப்பது அறுபதை ஒருமுறை எட்டிப் பார்ப்பதிலும் மேலானது.

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அரை அடிக்கொரு முடிச்சுப் போட்டால் நீர்மட்டத்தை அளக்கலாம். எல்லாக் கிணற்றையும் ஒரே நாளில், காலையில் இறைக்கத் தொடங்குமுன் அளக்க வேண்டும். கிணற்றுக்கட்டில் ஓரிடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவைத்து, எப்போதும் அங்கிருந்தே கயிற்றை இறக்கவேண்டும். நீர்மட்டம் மாரி முடிவில் உயர்ந்தும் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் தாழ்ந்தும் நிற்கும். ஆகவே மாதம் ஒருமுறையாவது அளந்தால்தான் வேறுபாடு தெரியும்.

உவரை அளக்க மின்கடத்துதிறன் மானி என்ற சிறு கருவி உண்டு. பாடசாலையில் இல்லையென்றால், அதிபரின் கடிதத்தோடு விவசாயத் திணைக்களத்தையோ, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ, பல்கலைக்கழக விவசாய பீடத்தையோ அணுகலாம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, இந்த அளவு மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் குறைந்தால் பாசன நீர் நல்லது. 0.7 முதல் 3.0 வரை கவனத்தோடு பயன்படுத்த வேண்டியது. 3.0க்கு மேற்பட்டால் கடுமையான உவர். போஞ்சி, கரட், வெங்காயம் ஆகியவை உவரை அதிகம் பொறுக்கமாட்டா. தக்காளி அவற்றிலும் பொறுக்கும், பீற்றூட் இன்னும் கூடப் பொறுக்கும்.

கருவி அறவே கிடைக்காவிட்டாலும் வழியுண்டு. 5 லீற்றர் நீரைத் துப்புரவான பாத்திரத்தில் முற்றாக வற்றவைத்து, எஞ்சும் உப்பைச் சுரண்டிப் பாடசாலை ஆய்வுகூடத் தராசில் நிறுக்கலாம். நல்ல பாசன நீரானால் 1 லீற்றரில் 450 மில்லிகிராமுக்குக் குறைவான உப்பே இருக்கும். 5 லீற்றருக்கு இது ஏறத்தாழ இரண்டேகால் கிராம். 10 கிராமுக்கு மேல் வந்தால் அது கடும் உவர். கேத்திலில் படியும் சுண்ணாம்பும் இதில் சேர்ந்திருக்குமாகையால் இது அண்ணளவான கணக்கே. ஆனால் ஒரு கிணற்றை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும். நைத்திரேற்றுக்கு நிறம் மாறும் சோதனைத் தாள்கள் உண்டு. அவையும் அண்ணளவானவையே. அளவு கூடுதலாகத் தெரிந்தால் அந்நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும்.

அளந்ததை அன்றே கொப்பியில் எழுதவேண்டும். திகதி, நேரம், முதல்நாள் மழை பெய்ததா, எத்தனை மணித்தியாலம் இறைத்தார்கள், என்ன பசளை இட்டார்கள் என்பவையும் அதில் வரவேண்டும். முடிவில் இருபக்கக் கிணறுகளுக்குமிடையே வேறுபாடு இல்லையென்று தெரிந்தால் பிள்ளை மனம் சோரவேண்டியதில்லை. "வேறுபாடு காணப்படவில்லை" என்பதும் ஒரு விடையே. எண்களை விருப்பப்படி திருத்தினால்தான் ஆய்வு பாழாகும்.

காணி இல்லாதோர் என்ன செய்வது?

"எங்களுக்குக் கிணறுமில்லை, தோட்டமுமில்லை, வாடகை வளவில் இருக்கிறோம்" என்று சிலர் சொல்வீர்கள். உங்கள் பிள்ளைக்கும் கேள்விகள் உண்டு.

தகரக் கூரையிலிருந்து எத்தனை லீற்றர் மழைநீர் கிடைக்கும்? 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமுமான கூரையில் 50 மில்லிமீற்றர் மழைக்கு 1,000 லீற்றர் விழும். நேர்சுவருள்ள ஒரு தகரப் பேணியும் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். கணக்கில் வருவதற்கும் பீப்பாவில் உண்மையில் சேர்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே ஆய்வு.

வீட்டில் எடுத்துவைத்த விதை எத்தனை வீதம் முளைக்கின்றது? 100 விதைகளை ஈரச்சாக்கில் பரப்பி எண்ணினால் போதும். சாம்பல் கலந்து வைத்த விதையும் கலவாத விதையும், மண்பானையில் வைத்ததும் பொலித்தீன் பையில் வைத்ததும் என ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் குடியமர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கிணற்றுக் கேள்வி பொருந்தும். கற்பிட்டியின் மணலிலும் நன்னீர் இவ்வாறே உவர்நீரின் மேல் மிதக்கின்றது. அங்கும் மணல் நிலத்தில் பசளையிட்டுச் செய்யும் தோட்டமும் குடிநீர்க் கிணறும் அருகருகே உள்ளன.

இன்னொரு கேள்வி நமது முதியோரிடம் உள்ளது. 1990களில் வடக்குக்கு யூரியா வருவது தடைப்பட்டிருந்தபோது நம்மவர் பூவரசங் குழையும் கிளிசறியாக் குழையும் தாழ்த்தினர், பனையோலை புதைத்தனர், ஆட்டுப்பட்டி கட்டினர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை பெருமளவு தளர்த்தப்படும்வரை நாடு முழுவதும் விவசாயிகள் திண்டாடினர். நம்மிடையே அந்தப் பாடத்தை முன்னரே படித்தவர்கள் இருக்கின்றார்கள். ஒரு பரப்புக்கு எத்தனை கட்டுக் குழை தாழ்த்தினீர்கள்? எந்த மாதத்தில்? விளைச்சல் எவ்வளவு குறைந்தது? எது பயனளிக்கவில்லை? பத்து அப்புமாரிடமும் ஆச்சிமாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதினால் அது முழுமையான ஓர் ஆய்வு. முகாமில் இருந்தும் இதனைச் செய்யலாம். ஆனால் காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளிராது.

பழைய கிராம அறிவை நடுவர்கள் மதிப்பார்களா என ஐயுற வேண்டாம். ஸ்ரொக்ஹோம் நகரில் 1997 முதல் வழங்கப்பட்டுவரும் இளையோர் நீர்ப் பரிசு 15 முதல் 20 வயது வரையான மாணவர்களுக்குரியது. 2020இல் அதனை வென்ற யப்பானிய மாணவர் இருவர், தரைபோடுவதற்கு மண்ணை இறுக்கும் தங்கள் நாட்டுப் பழைய முறையொன்றைக் கொண்டு, மழையில் வயல்மண் அரிபட்டுப் போவதைக் குறைக்கும் வழியைக் காட்டினர்.

கவனிக்க வேண்டியவை

மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் எந்த ஆய்வுக்காகவும் பிள்ளை கால்வைத்தலாகாது. அபாய அறிவிப்பு இல்லாத இடமென்றாலும், விடுவிக்கப்பட்டுப் பாவனையிலுள்ளதென்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திய பின்னரே போகவேண்டும். கட்டில்லாத கிணற்றுக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது. இனந்தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல் உடனே பெரியவர்களுக்கு அறிவிக்கவேண்டும். கிருமிநாசினியைக் கையாளும் ஆய்வுகளைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

பிறருடைய கிணற்றை அளக்குமுன் அனுமதி பெறவேண்டும். அறிக்கையில் வீட்டுக்காரரின் பெயரை எழுதாமல் கிணறு 1, கிணறு 2 என்று எழுதுவதே நல்லது. "அவையின்ர தண்ணி கூடாதாம்" என்ற கதை ஒரு குடும்பத்தின் காணி விலையையும் கலியாணப் பேச்சையும் பாதிக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் தனியே உண்மையைச் சொல்லவேண்டும். முக்கியமாக, அங்கே கைக்குழந்தை இருந்தால் தாமதிக்காமல் சொல்லவேண்டும்.

பெரியவர்கள் கட்டுரையை எழுதிக்கொடுக்க வேண்டாம். கயிறு பிடிக்கலாம், அயலவரிடம் கூட்டிச் செல்லலாம், இரவில் "இண்டைக்கு என்ன அளந்தனி?" என்று கேட்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் இதே வசதியைச் செய்துகொடுங்கள். கிணற்றடியில் கூடுதலாக நிற்பவர்கள் அவர்களே. எந்தக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பதும் அவர்களுக்கே முதலில் தெரியும்.

விடை ஊருக்கு வரவேண்டும்

ஆபிரகாம் வெட்டிய கிணறுகளை எதிரிகள் மண்போட்டுத் தூர்த்ததையும், மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டித் தகப்பன் வைத்த பெயர்களையே வைத்ததையும் வேதாகமத்தில் நாம் அறிவோம். அவன் தோண்டிய புதிய கிணறுகளுக்காகவும் சண்டை வந்தது. அவன் சலிக்காமல் அடுத்ததைத் தோண்டினான். திரும்பிவந்து கிணறு இறைத்த குடும்பங்களுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. நமது பிள்ளைகளுக்கு மண்வெட்டியோடு அளவுகோலும் கொப்பியும் தேவைப்படுகின்றன.

ஆகவே போட்டி முடிந்ததும் அறிக்கையைப் பாடசாலை அலுமாரியில் பூட்டிவைக்க விடாதீர்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலோ, மாதர் சங்கத்திலோ, ஆலய மண்டபத்திலோ பிள்ளை அதனை வாசிக்கட்டும். ஒரு பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கு, விவசாயப் போதனாசிரியரின் கையில் கொடுங்கள். கொப்பியை அடுத்த வகுப்புப் பிள்ளையிடம் ஒப்படைத்து, அதே ஆறு கிணறுகளையும் அடுத்த மாரிக்குப் பின்னரும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு வருட அளவைக் கொண்டு அதிகம் சொல்ல இயலாது. ஐந்து வருட அளவு கையிலிருந்தால், எத்தனை மணித்தியாலம் இறைக்கலாம் என்று ஊர்கூடிப் பேசித் தீர்மானிக்கலாம்.

வரும் மாரிக்கு முன்னர் தொடங்குவது நல்லது. முதல் வேலையாக இன்று மாலை பிள்ளையோடு கிணற்றடிக்குப் போய், கட்டில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் வையுங்கள்.